ஸ்கூபா கருவிகளைக் கைப்பையில் கொண்டுபோவது பற்றி

திருவொற்றியூரிலிருந்து அடுத்த மாதம் போர்ட் பிளேயருக்கு விமானம் ஏறப்போகும் நீங்கள், புதிதாக வாங்கிய ஸ்கூபா கருவிகள் அனைத்தையும் கேபின் பையிலேயே கொண்டுபோய்விட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டாம் முறை படித்தபோது, அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் பட்டது. அனுமதி உண்டா இல்லையா என்பது ஒன்று. இரண்டு மாதச் சம்பளத்தைப் போட்டு வாங்கிய கருவியைக் கண்ணுக்கு மறைவாக, பெல்ட்டில் ஓடும் பையில் விட்டுவிடத் துணியவில்லையே, என்ன செய்வது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லிவிடும். நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டாவது கேள்வியைத்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் இராயபுரத்தில் இருப்பவன். சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூரிலும் நிற்கும் கப்பல்களின் அடிப்பாகத்தில் வேலை செய்யும் தொழில்முறை முக்குளிப்பவனாகத் தொடங்கி, பிறகு பொழுதுபோக்குக்காகக் கடலில் இறங்குபவர்களுக்குப் பயிற்சி தருபவனாக ஆனேன். இப்போது பெரும்பாலான நேரம் வீட்டு மாடியில், சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் ரெகுலேட்டர்களைப் பிரித்துச் சுத்தம் செய்வதில் போகிறது. கொச்சிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் அந்தமானுக்கும் இந்தக் கருவிகளோடு பல முறை பறந்திருக்கிறேன். ஆனால் நான் விமான நிறுவன ஊழியனோ பாதுகாப்பு அதிகாரியோ அல்லன். ஆகவே கீழே சொல்வதில் விதி எது, என் பழக்கம் எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன். விதி என்று நான் சொல்வதையும் உங்கள் டிக்கெட்டின் நிபந்தனைகளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுத் தொகுதியையும் கேபினில் கொண்டுபோக முடியாது. இதற்கு முதல் காரணம் பாதுகாப்பு விதிகள் அல்ல, தராசுதான். உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணிக்குக் கைப்பை ஒன்று, எடை 7 கிலோ, நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டர் என்பதுதான் பொதுவான வரம்பு. இப்போது கணக்குப் பாருங்கள். சிலிண்டரில் மாட்டும் முதல் நிலை, வாயில் வைக்கும் இரண்டாம் நிலை, அதற்கு உதிரியான ஆக்டோபஸ், அழுத்தமானி எல்லாம் சேர்ந்த ரெகுலேட்டர் இரண்டரை முதல் மூன்று கிலோ வரும். பி.சி.டி. என்று நாம் சொல்லும் மிதவை அங்கி சாதாரண வகையானால் மூன்று, மூன்றரை கிலோ. பயணத்துக்கென்றே செய்த மெல்லிய வகையானாலும் இரண்டு கிலோவுக்குக் குறையாது. காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ் ஏறத்தாழ இரண்டு கிலோ. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் உடையான வெட்சூட் உலர்ந்த நிலையில் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ. இதிலேயே ஏழைத் தாண்டிவிட்டோம். பையின் சொந்த எடையை இன்னும் சேர்க்கவே இல்லை. மேலும், பெரும்பாலான ஃபின்ஸ், கைப்பையின் வழக்கமான நீளமான 55 சென்டிமீட்டரைவிட நீளமானவை. பையை மூடினால் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

பையின் எடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சக்கரம் வைத்த கேபின் பெட்டி வெறுமையாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். உங்கள் ஏழில் கிட்டத்தட்டப் பாதியை அது தின்றுவிடும். ஒரு கிலோவுக்கும் குறைவான, சட்டகம் இல்லாத 30 லிட்டர் முதுகுப்பை போதும். அதை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். என்னிடம் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் சிறிய மின்னணுத் தராசு ஒன்று இருக்கிறது. அது வருவதற்கு முன்பு காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவரின் தராசில்தான் என் ரெகுலேட்டர் பையை நிறுத்தேன். சுறா என்ன விலை என்று பக்கத்தில் நின்றவர் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

அனுமதி இல்லாதவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. காற்று நிரப்பிய சிலிண்டர் கேபினிலும் ஏறாது, சரக்கறையிலும் ஏறாது. பொழுதுபோக்கு முக்குளிப்பில் அதிகம் புழங்கும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் காற்று அடைபட்டிருக்கும். அதன் வால்வு முறிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. வால்வைக் கழற்றி, உள்ளே வெறுமையாக இருப்பது கண்ணுக்குத் தெரியும்படி வைத்தால் சில நிறுவனங்கள் சரக்கறையில் ஏற்றிக்கொள்ளும். ஆனால் வெறும் சிலிண்டரே பதினான்கு கிலோ இருக்கும்போது அதைத் தூக்கிக்கொண்டு போவதில் அர்த்தமே இல்லை, ஏனெனில் போகும் இடத்தில் சிலிண்டரும், தண்ணீரில் அமிழ இடுப்பில் கட்டும் ஈயமும் தருவார்கள். அவசரத்துக்கென்று விற்கும், வாயோடு பொருத்திய குட்டிச் சிலிண்டருக்கும் இதே விதிதான். வெட்சூட் கிழிசலை ஒட்டும் பசை எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் இரண்டு பைகளிலுமே வைக்கக் கூடாது. வெளிநாட்டு நண்பர் யாராவது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியைக் கொடுத்திருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உரிய உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், விமான நிலையத்தில் அதோடு பிடிபட்டுக் காவல் நிலையம் வரை போனவர்கள் உண்டு.

கத்தி கேபினில் ஏறாது. முனை மழுங்கியதாக இருந்தாலும், பிளாஸ்டிக் உறையில் இருந்தாலும், அது உயிர்காக்கும் கருவி என்று நீங்கள் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் ஏறாது. கத்தரிக்கோல் வடிவிலான வெட்டியும், வலை அறுக்கும் சிறிய கொக்கிப் பிளேடும் அப்படியே. இதைத் தெரிந்திருந்தும் நான் ஒரு கத்தியை இழந்திருக்கிறேன். மெல்லிய மிதவை அங்கி ஒன்றைச் சுருட்டிக் கைப்பையில் வைத்திருந்தேன். அதன் காற்றுக்குழாயோடு திருகி மாட்டியிருந்த டைட்டானியம் கத்தி பல வருடங்களாக அங்கேயே இருந்ததால் என் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. எக்ஸ்-ரே திரையில் இருந்தவருக்கு உடனே தெரிந்துவிட்டது. திரும்பிப்போய் சரக்கறைப் பையில் போட நேரமில்லை. கத்தியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். அன்று முதல் அங்கியின் ஒவ்வொரு பையிலும் கைவிட்டுத் துழாவிய பிறகே மடிக்கிறேன். ஈயக் கட்டி ஒன்று முதுகுப் பக்கத்துச் சிறு பையில் மறந்துபோய்க் கிடப்பதும் அடிக்கடி நடப்பதுதான். அது தடை செய்யப்பட்டது அல்ல என்றாலும், திரையில் எதுவும் ஊடுருவ முடியாத கறுப்புக் கட்டியாகத் தெரிவதால் பையைக் கொட்டிக் காட்ட வேண்டிவரும்.

இனி, கேபினில் மட்டுமே கொண்டுபோக வேண்டியவை. லித்தியம் பேட்டரிகளைப் பற்றிய விதி உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். கருவியில் பொருத்தாமல் தனியாக இருக்கும் லித்தியம் அயான் பேட்டரிகளும் பவர் பேங்க்குகளும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கறையில் போகவே கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. 100 முதல் 160 வரை இருந்தால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதிலும் உதிரியாக இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பயணிகள் பையில் இடமே இல்லை. வாட்-மணி என்பது வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வருவது. டார்ச்சில் போடும் 18650 வகை உருளைப் பேட்டரி 3.7 வோல்ட், 3.5 ஆம்பியர்-மணி என்றால் ஏறத்தாழ 13 வாட்-மணி. சற்றே தடித்த 21700 வகை, 5 ஆம்பியர்-மணி என்றால் 18.5. இவை வரம்பின் அருகில்கூட வராதவை. வீடியோ விளக்குகளின் பேட்டரித் தொகுதிகளில்தான் கவனம் வேண்டும்; 14.8 வோல்ட், 7 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் 103-ஐத் தாண்டி, அனுமதி கேட்க வேண்டிய வகுப்பில் விழுந்துவிடும்.

மேலுறையில் அச்சிட்டிருக்கும் எண்ணைச் சோதனை செய்யும் அலுவலர் நம்புவார் என்பதால் அந்த எண்ணே உங்களுக்கு எதிரியாகவும் ஆகலாம். மலிவாகக் கிடைக்கும் 18650 பேட்டரிகளில் 9900 என்று பெருமையாகப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மில்லி ஆம்பியர்-மணிக் கணக்கு; அந்த அளவு உடலுக்குள் அதில் பாதியைக்கூட அடைக்க முடியாது. அந்த எண் பொய். பொய்யான எண்ணுள்ள பேட்டரியைவிட எண்ணே அழிந்துபோன பேட்டரி இன்னும் மோசம், அதைக் கணக்கிட்டுக் காட்ட வழியே இல்லை. ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனிப் பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள், டப்பா இல்லையென்றால் இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். சாவிக்கொத்தோடு ஒரே பையில் உருண்டு, முனைகள் உலோகத்தில் பட்டுச் சூடேறுவதுதான் இந்த விதிக்கே காரணம். சிலிண்டர் அழுத்தத்தை, ஆழமும் நேரமும் காட்டக் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரில் இருக்கும் சிறிய லித்தியம் பேட்டரி, 2 கிராம் லித்தியம் என்ற வரம்புக்கு மிகவும் கீழே இருப்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சாதாரண ஏ.ஏ. பேட்டரிகளுக்கு அந்த விதியில் தடை இல்லை. ஆனாலும் நம் விமான நிலையங்களில் உதிரி ஏ.ஏ. பேட்டரிகளை எடுத்துப் போட்டுவிட்ட அனுபவம் எனக்கே இரண்டு முறை உண்டு. போர்ட் பிளேயர் கடைத்தெருவில் அவை கிடைக்கும்; அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

முக்குளிப்பு டார்ச்சைச் சாதாரண டார்ச்சாக நினைக்காதீர்கள். அதன் வெளிச்சம் உண்டாக்கும் சூட்டைச் சுற்றியுள்ள தண்ணீர் இழுத்துக்கொள்ளும் என்ற கணக்கில்தான் அதை வடிவமைக்கிறார்கள். துணிகளுக்கு நடுவே தவறுதலாக எரியத் தொடங்கினால் அந்தச் சூட்டுக்குப் போக இடமில்லை. என்னிடம் பயின்ற ஒருவரின் பையில், காந்தச் சுவிட்ச் தானாக நகர்ந்து எரிந்த டார்ச், தான் இருந்த உறையை உருக்கிவிட்டது. நல்லவேளையாக அது காரில் நடந்தது. பயணிகள் கொண்டுபோகும் ஆபத்தான பொருள்களைப் பற்றிய சர்வதேச விதிகளிலேயே, கடும் சூட்டை உண்டாக்கும் நீரடி விளக்குகள் தனியாகக் குறிப்பிடப்படுகின்றன. விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும் என்றும், விளக்கு தானாக எரிய முடியாதபடி பேட்டரியைப் பிரித்து வைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆகவே பேட்டரியை வெளியே எடுங்கள். எடுத்துவிட்டால் அது உதிரிப் பேட்டரி ஆகிவிடுகிறது, அதன் இடம் கைப்பை. விளக்கையும் அதோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்வது என் பழக்கம். பெரிய விளக்கு என்றால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் உண்மையான கவலைக்கு வருவோம். எதைக் கையோடு வைத்துக்கொள்வது? நான் பயன்படுத்தும் அளவுகோல் விலை அல்ல. பை ஒரு நாள் தாமதமாக வந்தால், அந்தத் தீவில் எதை என்னால் ஈடுசெய்ய முடியாது என்பதுதான். ஒருமுறை என் சரக்கறைப் பை மறுநாள் விமானத்தில் வந்தது. போர்ட் பிளேயரில் பை வந்திறங்கியபோது நான் படகேறி ஹேவ்லாக் தீவுக்குப் போய்விட்டேன். விமான நிறுவனம் பையை விமான நிலையம் வரை கொண்டுவந்து கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்றது. இரண்டு மணி நேரத்துக்கு மேலான படகுப் பயணத்தைத் தாண்டி அது என்னிடம் வந்து சேர இன்னும் ஒரு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் அங்கியும் ஃபின்ஸும் வெட்சூட்டும் வாடகைக்குக் கிடைத்தன, ஒன்றும் குறைந்துபோகவில்லை. என் முகத்துக்குப் பொருந்தும், கண்ணாடிப் பவர் போட்ட மாஸ்க் மட்டும் கிடைக்கவில்லை. மங்கலாகத் தெரிந்த பவளப் பாறைகளைப் பார்த்துவிட்டு மேலே வந்தேன்.

அதனால் கைப்பையின் வரிசை எனக்கு இப்படி: மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர், ரெகுலேட்டர், பேட்டரிகளும் விளக்கும், முக்குளிப்புப் பயிற்சிச் சான்று அட்டை, ஒரு மாற்றுடை. இவை முதுகுப்பையோடு சேர்ந்து ஐந்தரைக் கிலோவுக்குள் அடங்கும். கம்ப்யூட்டரைக் கையிலேயே கட்டிக்கொள்ளலாம், சோதனையின்போது மட்டும் தட்டில் கழற்றி வைக்க வேண்டும். மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு அழுந்திக் கோணலானால் பிறகு தண்ணீர் கசியும். கடையில் கொடுத்த கடினமான டப்பாவைத் தூக்கி எறியாமல் அதிலேயே வையுங்கள்.

ரெகுலேட்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மாடிக்குப் பழுதுபார்க்க வருவதில் கணிசமானவை கடலில் கெட்டவை அல்ல, பயணத்தில் கெட்டவை. குரோம் பூசிய பித்தளையால் ஆன முதல் நிலை, சிலிண்டரின் அழுத்தத்தைச் சுற்றுப்புறத்தைவிட ஒன்பது, பத்து பார் மட்டும் அதிகமான அளவுக்குக் குறைக்கிறது. அந்த உலோகக் கட்டி பையின் அடியில் இருந்து, மேலே பத்துப் பெட்டிகள் விழுந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதனோடு சேர்ந்திருக்கும் குழாய்களும் இரண்டாம் நிலையின் பிளாஸ்டிக் உடலும்தான் பலவீனமானவை. குழாய் உலோக முனையோடு சேரும் இடத்தில் மடங்கிய நிலையில் பல மணி நேரம் இருந்தால், ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழத் தொடங்கும். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாகச் சுற்றி வையுங்கள், அதைவிடச் சிறிய வட்டம் வேண்டாம். முதல் நிலையின் தூசி மூடியை நன்றாக உலர்த்தி மாட்டி, திருகை மெதுவாக மட்டும் இறுக்குங்கள். நடுவில் முதல் நிலையை வைத்துச் சுற்றிலும் பருத்திச் சட்டையைத் திணித்தால் தனியாகப் பஞ்சு வைத்த உறை தேவையில்லை, எடையும் மிச்சம். வாய்ப்பகுதியைச் சுத்தமான பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டுங்கள். நம் பகுதி வீடுகளில் நாலு மாதம் அலமாரியில் கிடந்த இரண்டாம் நிலைக்குள் கரப்பான்பூச்சி குடும்பம் நடத்துவதை நான் பார்த்திருக்கிறேன்; பயணத்துக்கு முதல்நாள் பொத்தானை அழுத்தி, வாய்ப்பகுதி வழியாக வெளிச்சம் அடித்து உள்ளே பார்ப்பது வீண்வேலை அல்ல.

பாதுகாப்புச் சோதனையில் ரெகுலேட்டரைப் பைக்குள்ளேயே விடாதீர்கள். மடிக்கணினியைப் போல அதையும் வெளியே எடுத்துத் தனித் தட்டில் வையுங்கள். எக்ஸ்-ரே கதிரால் அதற்குக் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் அடர்ந்த உலோகக் கட்டி, அதிலிருந்து நாலாபுறமும் ஓடும் குழாய்கள், ஒரு மீட்டர், பக்கத்தில் உருளைப் பேட்டரிகள் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் தெரிந்தால், எந்தப் பணியாளரும் பெல்ட்டை நிறுத்தத்தான் செய்வார். அது அவர் கடமை. பேட்டரிகளை மற்றொரு தட்டில் வைப்பதும் இதற்காகத்தான். மீனம்பாக்கத்தில் சோதனை செய்யும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினரில் பலருக்குத் தமிழ் தெரியாது, நீங்கள் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினால் நீண்டுகொண்டே போகும். ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு நீங்கள் தண்ணீருக்குள் இருக்கும் படம் ஒன்றைத் தொலைபேசியில் தயாராக வைத்திருங்கள். அதையும் சான்று அட்டையையும் காட்டினால் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஒரு சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: ஆக்ஸிஜன். ஊரில் எல்லோரும் ஆக்ஸிஜன் சிலிண்டர் என்றுதான் சொல்கிறார்கள், உண்மையில் அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான். சோதனை மேசையில் நின்றுகொண்டு ஆக்ஸிஜன் என்று சொன்னால், இல்லாத சிலிண்டரைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். மூச்சு விடும் கருவி, சிலிண்டர் இல்லை, கத்தி இல்லை, இவ்வளவு போதும்.

இதுவரை சொன்னதில் ரெகுலேட்டர் மட்டும் வேறு வகை. அதைக் கேபினில் கொண்டுபோகத் தடை எதுவும் இல்லை. நானும் எனக்குத் தெரிந்தவர்களும் எப்போதும் அப்படித்தான் கொண்டுபோகிறோம். ஆனாலும் சோதனையில் நிற்பவர் ஒரு பொருளை அனுமதிக்க மறுத்தால் அந்த இடத்தில் அவர் சொல்லே முடிவு. சரக்கறைப் பையை ஒப்படைத்த பிறகு இந்தச் சிக்கல் வந்தால் திரும்பிப் போக நேரம் இருக்க வேண்டும் என்பதற்காகவே, இரண்டு மணி நேரத்துக்கு முன்பாகவே விமான நிலையத்தில் இருப்பேன். ரெஞ்ச், அறுகோணச் சாவி போன்றவற்றை உரிமையோடு கேட்டு வாதாடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, அவை சரக்கறைப் பையில் போகின்றன. விரலில் சுற்றும் சிறு கயிற்றுச் சுருள் சில நாள் கேள்வியின்றிப் போகும், சில நாள் நிறுத்தப்படும், ஆகவே அதுவும் கீழேதான். மாஸ்க் மங்காமலிருக்கப் பூசும் திரவம் சிறு குப்பியாக இருக்கட்டும். கொழும்பு, மாலே போன்ற வெளிநாட்டுப் பயணம் என்றால் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட குப்பி கைப்பையில் போகாது.

சரக்கறையில் காற்றழுத்தம் இருக்காது, அங்கி வெடித்துவிடும் என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது தவறு. பயணிகள் ஜெட் விமானத்தில் சரக்கறையின் அழுத்தமும் கேபினின் அழுத்தமும் ஒன்றுதான். ஆனால் அந்த அழுத்தம் தரைமட்டத்தைவிடக் குறைவு என்பது உண்மை. உச்ச உயரத்தில் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி மலைமேல் இருப்பதற்குச் சமம், அதாவது தரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை குறைந்திருக்கும். எனவே அங்கியில் காற்றை ஊதிய நிலையில் வைக்காமல், முழுவதும் வெளியேற்றி மடியுங்கள். கேமரா வைக்கும் நீர்புகாப் பெட்டியை முழுவதுமாக அடைத்து வைக்காதீர்கள். நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான பெரிய ஓ-ரிங்கைக் கழற்றித் தனியே ஒரு சிறு உறையில் போட்டு, மூடியைச் சாத்தி மட்டும் வையுங்கள். பறக்கும்போது திறந்து பார்த்துவிட்டு மீண்டும் இறுக்கி மூடினால், தரையிறங்கியதும் வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதைத் திறக்கப் படும் பாடு கொஞ்சமல்ல.

சரக்கறைப் பைக்குப் பெரும்பாலான டிக்கெட்டுகளில் 15 கிலோதான் கொடுக்கிறார்கள். அங்கி, ஃபின்ஸ், பூட்ஸ், வெட்சூட், இருக்கும் இடத்தைக் காட்ட மேலே மிதக்கவிடும் அடையாள மிதவை, கத்தி, கருவிச் சாவிகள் எல்லாம் ஒன்பது, பத்துக் கிலோ. பை மூன்று கிலோ. துணிகளுக்கு இரண்டு கிலோ மிஞ்சும், அந்தமானில் அதற்கு மேல் துணி தேவைப்படாது. ஃபின்ஸைப் பையின் இரு பக்கச் சுவர்களாக நிறுத்தி, நடுவில் அங்கியை வைத்து, வெட்சூட்டை மடிக்காமல் சுருட்டி அதன்மேல் பரப்பினால், கூடுதல் பாதுகாப்பு எதுவும் தேவையில்லை. கூடுதல் எடை ஆகுமென்று தோன்றினால் முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள், விமான நிலையக் கவுன்ட்டரில் ஒரு கிலோவுக்குக் கேட்கும் தொகை வலிக்கும். திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் மாறாமல் விமான நிலையத்துக்கே போய்விடலாம் என்பது நமக்குக் கிடைத்த வசதி. ஆனால் அந்தமான் விமானங்களில் பல விடியற்காலையில் கிளம்புகின்றன, முதல் மெட்ரோ அதற்கு உதவாது.

லட்சத்தீவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பிற்பாடு போகும் எண்ணம் இருந்தால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொச்சியிலிருந்து அகத்திக்குப் பறக்கும் விசிறி வைத்த சிறிய விமானங்களில் தலைக்குமேல் உள்ள அறை குறுகலானது. கைப்பையை விமானத்தின் வாசலிலேயே வாங்கிக் கீழே வைத்துவிடுவார்கள். அப்படி வாங்கும்போது பேட்டரிகள் உங்களிடம் இருக்க வேண்டும், பையில் அல்ல. பேட்டரிகள், கம்ப்யூட்டர், மாஸ்க் மூன்றையும் கைப்பைக்குள் ஒரு சிறு துணிப்பையாக வைத்திருந்தால், அதை மட்டும் உருவிக்கொண்டு பையைக் கொடுத்துவிடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை ஆறு முறைதான் கடலில் இறங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் நான் என்றால் மாஸ்க்கும் கம்ப்யூட்டரும் ரெகுலேட்டரும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்வேன். முக்குளிப்பு மையங்கள் பெரும்பாலும் கருவி வாடகையையும் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன. உங்கள் அங்கியைச் சுமந்து போனாலும் அந்தத் தொகை குறையப்போவதில்லை. ரெகுலேட்டரை எடுத்துப்போவதற்கு முன் அந்த மையத்துச் சிலிண்டரின் வால்வு, கவ்விப் பிடிக்கும் யோக் வகையா, திருகி மாட்டும் டின் (DIN) வகையா என்று ஒரு வரி கேட்டு எழுதுங்கள். எனக்குத் தெரிந்த நம் நாட்டு மையங்களில் யோக்தான் அதிகம். உங்களுடையது டின் என்றால் இணைப்பான் இல்லாமல் அந்த மூன்று கிலோ வெறும் சுமை. போய்ச் சேர்ந்ததும் படகில் ஏறும்வரை காத்திருக்காமல், கரையிலேயே ஒரு சிலிண்டரில் மாட்டி, வால்வை மெதுவாகத் திறந்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, எங்காவது குமிழி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

திரும்பி வரும் நாளின் கணக்கு வேறு. கடைசி முறை மேலே வந்த பிறகு விமானம் ஏறக் காத்திருக்க வேண்டிய நேரம் குறித்து முக்குளிப்பவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் தரும் வழிகாட்டுதல், ஒருமுறை மட்டும் இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறையோ பல நாட்களோ இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் என்கிறது. பலர் 24 மணி நேரம் என்றே வைத்துக்கொள்கிறோம். அந்த இடைவெளி கருவிகளுக்கும் பயன்படுகிறது. ஈரமான வெட்சூட்டும் பூட்ஸும் உலர்ந்த எடையைவிட இரண்டு கிலோ வரை கூடுதலாகக் காட்டும்; போகும்போது 15 கிலோவாக இருந்த பை வரும்போது 17 ஆவதற்குக் காரணம் கடைத்தெருவில் வாங்கிய பொருள் மட்டுமல்ல. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டு, அங்கியின் உள்ளே தங்கிய நீரைத் தலைகீழாகப் பிடித்து வால்வு வழியாக வடித்துவிடுங்கள். முடிவாக, பூட்ஸைத் தட்டிப் பாருங்கள். மணலோடு சேர்ந்து ஒரு பவளத் துண்டோ சங்கோ அதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம், கரையில் கிடந்ததுதானே என்று நீங்களே எடுத்துப் போட்டிருக்கவும் கூடும். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, போர்ட் பிளேயர் விமான நிலையத்தில் அதைத் தேடிப் பார்க்கிறார்கள்.